‘அவங்க’ நீந்திய கடல்

வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதை மனைவியிடம் சொல்வது என்று மட்டும் முடிவு செய்யவில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. இருட்டு அறை. எதிர்ச் சுவரில் எழுத்துகள் எரியும். நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு கண்ணாடி வில்லையைப் போட்டு, ஒரு வில்லையை எடுத்து, “இப்ப நல்லா இருக்கா, முன்னாடி நல்லா இருந்துச்சா?” என்று கேட்பேன். பாதி ஆயுளாக ஊராரிடம் கேட்ட கேள்வியை ஒருநாள் என்னிடமே கேட்டுக்கொண்டேன். முன்னாடிதான் நல்லா இருந்தது.

மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு சம்பளம். “நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் தாராளமா வேலைய விடலாங்க. ரெண்டு பேரும் விட்டாத்தான் திண்டாட்டம்” என்று என் மனைவியே ஒருமுறை சொன்னாள். அந்த ஒருத்தர் நான்தான் என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. அவளுக்கு விளங்க வேண்டியதுதான் பாக்கி.

விட்டுவிட்டு என்ன செய்வாய் என்று கேட்காதீர்கள். மகத்தானதாக ஏதாவது செய்வேன். முதலில் விடுவது, பிறகு மகத்துவம். இந்த வரிசையில் நான் உறுதியாக இருந்தேன்.

ஆனால் நேராகக் கேட்க முடியாது. அவள் சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கிறவள். சட்டையை மேசைமேல் விரித்த மாத்திரத்தில், இது டீக் கறை, இது மைக் கறை, இது புருஷன் மறைக்கப் பார்த்துத் தேய்த்துக் கெடுத்த கறை என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட கண் முன்னால் போய் என் ஆசையை விரித்துக் காட்ட எனக்கென்ன பைத்தியமா?

அப்போதுதான் லென்ஸ் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னான். லென்ஸ் என்பது அவன் பெயரல்ல. எங்கள் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன், என் பக்கத்து வீட்டுக்காரன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கண்ணாடிப் பொடியை ஊதிவிட்டுச் சொன்னான்.

“அண்ணே, நீச்சல் படம் ஒண்ணு வந்திருக்கு. உண்மைக் கதை. அம்பது வயசுக்கு மேல வேலைய விட்டுட்டு, கடலை நீந்தியே கடந்தவங்க.”

“வேலைய விட்டுட்டா?”

“விட்டுட்டுத்தான். அவங்க ஒரு ஆபீஸ்ல டைப் அடிச்சிட்டு இருந்தாங்க. ஒருநாள் எழுந்து வந்துட்டாங்க.”

“வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?”

லென்ஸுக்குப் புரையேறியது. பொடி தொண்டையில் போயிருக்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு, “வீட்டுல இருக்கறவங்க ஒரு வார்த்த சொல்லலண்ணே. சமைச்சுப் போட்டாங்க. துணி துவைச்சாங்க. தானும் வேலைக்குப் போயிக் குடும்பத்தக் காப்பாத்தினாங்க. அவங்க ரெண்டு பேருமே தெய்வம்” என்றான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் படத்தின் சுவரொட்டியைப் பார்த்தேன். கடல். நடுவில் ஒரு தலை. தலையில் ரப்பர் தொப்பி, கண்ணில் நீச்சல் கண்ணாடி. பெரிய மனிதர் என்று பார்த்ததுமே தெரிந்தது. கண்ணாடியும் நல்ல கண்ணாடி. அவரிடம் எனக்கு ஒரு சொந்தமே உண்டாகிவிட்டது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஒரு படம் பாக்கணும்” என்றேன்.

“என்ன படம்?”

“நீச்சல் படம். உண்மைக் கதை. மனுஷனா பொறந்த ஒவ்வொருத்தரும் பாக்கணும்.”

“நீங்க பாத்தீங்களா?”

இந்த இடத்தில்தான் என் கால் வழுக்கியது. பார்க்காத படத்தைச் சிபாரிசு செய்கிறேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் அந்த நொடியில் “பாத்தேன்” என்றேன்.

“எப்போ?”

“கடையிலேருந்து அப்படியே.”

“அழுதீங்களா?”

“லேசா.”

அவள் ஒரு தலையணை உறையை நான்காக மடித்தாள். “சரி, நீங்க இவ்வளவு சொல்றப்போ பாக்காம இருப்பேனா? ஞாயித்துக்கிழம பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

ஞாயிறு போனார்கள். நான் வீட்டில் தனியாக இருந்து, வேலையை விட்ட மனிதன் எந்த நாற்காலியில் உட்காருவான் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலோர நாற்காலி ஒத்துவந்தது.

திரும்பி வந்த மனைவியின் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பின்னாலேயே லென்ஸின் மனைவியும், டீ கிடைக்கும் என்ற வாசனையில் லென்ஸும் வந்து சேர்ந்தார்கள்.

“என்ன மாதிரி ஒரு ஜென்மங்க அவங்க” என்றாள் மனைவி.

“நான் சொல்லல?”

“உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடிச்சது?”

“கடல்” என்றேன்.

“எந்தக் கடல்? கடல் நிறைய வருதே.”

“தண்ணி அதிகமா இருக்குமே, அந்த இடம்.”

லென்ஸ் டீக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

“ஜெல்லிமீன் கொட்டுற இடமா?”

“அதான். அப்பத்தான் அழுதேன்.”

“எனக்கு அதவிட அந்தப் படகுதாங்க. வீட்டுல இருக்கறவங்க கூடவே படகுல வந்து, குனிஞ்சு, கோப்பைய நீட்டுவாங்களே. தண்ணியில இருக்கறவங்க மிதந்துக்கிட்டே குடிப்பாங்களே. ஒருத்தர ஒருத்தர் தொடக்கூடாதாம், தொட்டா போட்டி செல்லாதாம். எவ்வளவு அன்பு இருந்தா அவ்வளவு தூரத்துலயே இருப்பாங்க.”

என் மனக்கண்ணில் படகு வந்தது. அதிலிருந்து என் மனைவி எனக்குக் கோப்பை நீட்டினாள். நான் மிதந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

“அவங்க வேலைய விட்டது சரிதானேங்க?”

“நூத்துக்கு நூறு.”

“வீட்டுல இருக்கறவங்க மறுபேச்சு பேசாம வேலைக்குப் போனதும்?”

“அதுதான் பெருந்தன்மை.”

“ஒருவேள நம்ம வீட்டுலயும் அப்படி ஒண்ணு நடந்தா?”

இவ்வளவு சுலபமாகவா? நான் இன்னும் ஒரு பெருமூச்சுகூட விடவில்லையே. “நடக்கட்டுமே. யாரு தடுக்கப் போறா?” என்றேன்.

“நாளைக்கு மனசு மாறிட மாட்டீங்களே?”

“அந்தப் படத்தப் பாத்தவன் மாறுவானா?”

“கேட்டுக்கிட்டியா?” என்று மனைவி பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள்.

“கேட்டுக்கிட்டேன்க்கா. அண்ணன் வாயாலேயே சொல்லிட்டாரு” என்றாள் அவள். எதற்குச் சாட்சி வைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. என் மனது மாறிவிடக் கூடாது என்பதில் என்னைவிட அவளுக்கு அக்கறை என்று எடுத்துக்கொண்டேன்.

“இத்தன வருஷம் கரைய நினைச்சு நினைச்சே போயிடுச்சு” என்று மனைவி மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னது சின்ன ர-வா, பெரிய ற-வா என்று எனக்குத் தெரியவில்லை. பேச்சில் அதெல்லாம் யாருக்குத் தெரிகிறது? சலவைக் கடைக்காரி. கறையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, “எல்லாம் போயிடும், விடு” என்றேன். மூன்று பேரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை வழக்கம்போல அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு நடக்கப் போய்விட்டு, தலை ஈரமாக வந்தாள். சில மாதங்களாகவே அப்படித்தான் வருகிறாள். இந்த வயதில் இப்படி வியர்க்க நடக்கிறாளே என்று நான் மனதுக்குள் பாராட்டிக்கொள்வது வழக்கம். அவள்மேல் வெளுப்பு மருந்து வாசனையும் அடிக்கும். சலவைக் கடை என்றால் அடிக்காதா?

நான் ஜன்னலோர நாற்காலியில் இருந்தேன்.

“ஏங்க, கடைக்கு நேரமாகல?”

“இன்னிக்குப் போயி முதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்.”

“என்ன சொல்லப் போறீங்க?”

“அதான். வேலைய விடறத.”

“அத நீங்க எதுக்கு உங்க முதலாளிகிட்ட சொல்லணும்? நான் சனிக்கிழமையே எங்க கடையில சொல்லிட்டேனே.”

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். “நான் வேலைய விடறத சலவைக் கடையில ஏன் சொன்னே?”

“நீங்க எங்க விடறீங்க? நான்ல விடறேன்.”

“நீயா? அந்தப் படத்துல அவரு தானே...”

“எவரு?”

“அதான், கடல்ல... தொப்பி போட்டுக்கிட்டு...”

“அவங்களா?”

“அவங்கதான். அவரு.”

மனைவி என்னையே பார்த்தாள். சட்டையை விரித்துப் பார்க்கிற பார்வை. “ஏங்க, நீந்தினது அந்தம்மா. கோப்ப நீட்டினவரு அவங்க வீட்டுக்காரரு. நீங்கதான் படம் பாத்தீங்களே?” என்றாள்.

இரண்டு வாசல் தெரிந்தது. ஒன்றில் போனால் நான் படம் பார்க்காத பொய்யன். மற்றொன்றில் போனால் வேலைக்குப் போகிறவன்.

“தெரியும்” என்றேன். “அந்தம்மாதான். நானும் அவங்களத்தான் அவருன்னு சொன்னேன். ஒரு மரியாதைக்கு.”

“அதானே பாத்தேன்” என்று தலையைத் துவட்டினாள். “பக்கத்துத் தீவுக்கு நீந்தற போட்டி வருதுங்க. நீச்சல் குளத்துக்கு விடியக்காலையில போயித் தயார் பண்ணிட்டுத்தான் இருக்கேன். ஆனா வேலைக்கும் போயிக்கிட்டு முடியல. கையெல்லாம் வலி. மேசைக்கிட்ட நின்னு ஊரான் கறையப் பாத்துப் பாத்து... எனக்கு ஒரு தடவ கரையப் பாக்கணும்ங்க. தண்ணியிலேருந்து பாக்கணும்.”

இப்போது எது ர, எது ற என்று எனக்குத் தெளிவாகக் கேட்டது. துண்டுக்கு வெளியே அவள் முகம் சின்னப் பெண்ணின் முகமாக இருந்தது. ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்திருக்கிறேன். அது நீச்சல் குளத்து மருந்து வாசனை என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

“படம் பாக்கறதுக்கு முன்னாடியே கடையில சொல்லிட்டியா?” என்று மட்டும் கேட்டேன்.

“நீங்க சிபாரிசு பண்ணீங்களே. உங்க சிபாரிசு மேல எனக்கு அவ்வளவு நம்பிக்க.”

கடைக்குப் போனேன். நேராக இயந்திரத்தின் முன்னால் நின்றேன். “ஏன்டா, அந்தப் படத்துல நீந்தினது பொம்பளைன்னு ஏன் சொல்லல?”

“நான் அவங்கன்னுதானே சொன்னேன்?”

“அவங்கன்னா?”

“அவங்கன்னா அவங்கதாண்ணே.”

“வேணும்னேதானே சொன்னே?”

லென்ஸ் இயந்திரத்தை நிறுத்தினான். “அண்ணிதாண்ணே அப்படிச் சொல்லச் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரியோட போன வாரமே பாத்துட்டாங்க. நேத்துப் பாத்தது ரெண்டாந்தரம். நேரா கேட்டா நீங்க யோசிக்கணும்னு சொல்லுவீங்களாம். நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள போட்டியே முடிஞ்சிடுமாம். அதனால உங்க வாயாலேயே வரட்டும்னாங்க.”

“நான் படம் பாத்தேன்னு சொல்வேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

“அதுவும் சொன்னாங்கண்ணே. கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க ஒரு விஷயத்தக்கூடத் தெரியாதுன்னு சொன்னதில்லையாம்.”

மகத்துவத்தைப் பறிகொடுத்த மனிதன் அன்று எத்தனை பேருடைய கண்ணைச் சோதித்தான் என்று கேட்காதீர்கள். “இப்ப நல்லா இருக்கா, முன்னாடி நல்லா இருந்துச்சா?” என்று ஒரு கிழவரிடம் கேட்டேன். “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு தம்பி” என்றார். கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் கடை முடிந்து, யாரிடமும் சொல்லாமல், அந்தப் படத்துக்குப் போனேன். என் பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை. அதோடு, அந்தப் புருஷன் எப்படித்தான் இருக்கிறான் என்று பார்க்க வேண்டியிருந்தது. என் வேஷம் அல்லவா.

அந்தம்மா நீந்தினார்கள். அந்த மனிதர் காலையில் வேலைக்குப் போனார், வந்தார், கோப்பை நீட்டினார், மறுபடி வேலைக்குப் போனார். வசனம் அதிகம் இல்லை. ஜெல்லிமீன் கொட்டியபோது நான் நிஜமாகவே அழுதேன். பக்கத்து இருக்கைக்காரர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

கடைசியில் அந்தம்மாவின் உண்மையான புகைப்படத்தைத் திரை முழுக்கக் காட்டினார்கள். கரையேறி நிற்கிறார்கள். தொப்பியைக் கழற்றிய ஈரத் தலை, அப்படி ஒரு சிரிப்பு. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். நான் அந்த மனிதரைத் தேடினேன். படத்தின் ஓரத்தில், சட்டத்துக்கு உள்ளே கொஞ்சமும் வெளியே மீதியுமாக, துண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்கை இருந்தது. அவ்வளவுதான் அவர்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன், குளியலறையில் என் முழங்கைக்கு மட்டும் இன்னொரு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.