அப்பாதுரைக்குக் கட்டிய பரிவட்டம்

ஒரு ஊரில் ஒரு புருஷன் இருந்தானாம், அவன் சொன்னதையெல்லாம் பொண்டாட்டி கேட்டாளாம் என்று ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே உள்ளபடியே சொல்கிறேன். ஊர் திண்டிவனம். புருஷன் அப்பாதுரை. பொண்டாட்டி தேவயானி.

அவர்கள் தெருவில் இருந்த காலி மனையைப் பெண்களெல்லாம் சேர்ந்து தோட்டமாக்கியிருந்தார்கள். அரிசி கழுவின தண்ணீர், காய்த்தோல் மக்கிய உரம், அவ்வளவுதான் செலவு. விற்கிற காசு மொத்தமும் வேணிக்கு. இஸ்திரி போடும் செண்பகத்தின் சின்ன மகள் அவள். காது சரியாகக் கேட்காது. மிஷின் வாங்க வேண்டும். கத்தரியும் வெண்டையும் பாதி வழிவரைதான் கொண்டுவந்து விட்டன. மீதிக்கு, முதல் பூசணிக்காயைக் கோயில் வழக்கப்படி ஏலம் விடுவது, எடுத்தவருக்குப் பரிவட்டம் கட்டுவது என்று முடிவாயிற்று.

பரிவட்டம்! அப்பாதுரைக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. சொந்த ஊர் முகையூரில் வருஷா வருஷம் அது அண்ணன் பச்சைமுத்து தலைக்கே போகும். தம்பி தலை காத்துக் காத்து வழுக்கையானதுதான் மிச்சம்.

பணம்? இருந்தது. பாடாத பழைய டிரான்சிஸ்டரில், பேட்டரி போடுகிற இடத்தில், சுருட்டிச் சுருட்டிச் சேர்த்தது. சாமிக்கே தெரியாது. ஆனால் முழுசாக விடுவானேன்? தெருவில் ஒவ்வொருத்தராகப் பிடித்து பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். "நான் கேட்டா நீங்க மேல ஏத்தாதீங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியும்தான், நாலு பஜ்ஜியை முடித்துவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை, டிரான்சிஸ்டர் பணம் மடிக்கு மாறியது. ஏலம் விட்டது தேவயானி.

"ஐந்நூறு!" என்றார் அப்பாதுரை.

தெருவே வாயை மூடிக்கொண்டது.

"ஆயிரம்ண்ணே," என்றாள் கொளஞ்சி.

"ஏ கொளஞ்சி! பஜ்ஜி தின்னல்ல?"

"தின்னேன்ணே. அதான் தெம்பா கேக்கறேன்."

"ரெண்டாயிரம்!"

"மூணு."

"என்னாத்துக்குங்க அவகிட்ட மல்லுக்கு நின்னுக்கினு?" என்று தேவயானி கவலைப்பட்டாள். "உங்ககிட்ட ஏது துட்டு? பேஜாரு. பரிவட்டம் கொளஞ்சிக்கே போவட்டும். உங்க அண்ணன் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

அண்ணன்! அப்பாதுரை சட்டைக் கையை மடித்துவிட்டார். இவர் ஏற்ற, அவள் ஏற்ற, பூசணிக்காய் பவுன் விலையை எட்டிப் பார்த்தது. கடைசியில் மடியில் இருந்த மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இதற்குமேல் ஒரு ரூபாய் ஏறினாலும் மானம் போயிற்று.

தேவயானி முந்தானையை உதறிச் செருகினாள்.

"நம்மளால ஆவாது சாமி," என்று கொளஞ்சி உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

வேணிதான் பரிவட்டம் கட்டினாள். அப்பாதுரை அவள் முன்னால் மண்டி போட்டார். "மெதுவா கண்ணு," என்றார். அவளுக்குக் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முடிச்சும் போட்டாள். வலித்தது. கண் கலங்கியதற்கு அதையே காரணமாக வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. அப்பாதுரை தலையைத் தடவிப் பார்த்தார். அசல் பட்டு.

"இத எப்ப வாங்குன?"

"போன வாரம். நீங்க தூங்கறப்ப தலை அளவு எடுத்துக்கினு போயி."

"அப்ப கொளஞ்சி எப்படி எம் மடியில இருந்ததுக்கு சரியா வந்து நிறுத்தினா?"

தேவயானி முந்தானையை இன்னொரு தரம் உதறிச் செருகினாள். பர்ஸைத் திறந்து அவர் கையில் காசு வைத்தாள்.

"ரேடியோவுக்கு பேட்டரி வாங்கிக்கினு ஜல்தி வாங்க. இப்பதான் எடம் காலியாயிடுச்சில்ல? மிஷின் வந்ததும் வேணி மொதல்ல பாட்டு கேக்கணுமாம்."

பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவள், தெருமுனையில் திரும்பினாள்.

"மீதி சில்லறைய மறக்காம எங்கிட்ட குடுத்துடுங்க!"

பரிவட்டம் கட்டிய தலையோடு அப்பாதுரை கடையைப் பார்த்து நடந்தார்.