மிளகு காயவைக்கும் பெட்டி

மனைவி பெருமாயியிடம் ஒரே ஒரு பொய் சொல்வது, அதோடு நிறுத்திக்கொள்வது என்று அர்த்தனாரி முடிவு செய்தது சேலத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில். காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கியபோது பொய் இன்னும் கிடைக்கவில்லை. எழுபதாவது கொண்டை ஊசி வளைவில் கிடைத்துவிட்டது.

மடியில் சாக்கு சுற்றிய பெட்டி. அதை அவர் அணைத்திருந்த விதத்தைப் பார்த்து அடுத்த சீட்டுக்காரம்மா, "கொழந்தைக்கு மூச்சு முட்டப் போவுதுங்க" என்றாள்.

உள்ளே இருந்தது கண்ணாடிக் குழல் வால்வு போட்ட பழைய பிரீஆம்பிளிஃபயர். ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்த வெளிநாட்டுச் சரக்கு. டேப்பிலிருந்து வரும் சன்னமான ஒலியை வாங்கி, கொஞ்சம் ஊட்டம் கொடுத்து, பெரிய ஆம்பிளிஃபயரிடம் ஒப்படைப்பது அதன் வேலை. தரகர் வேலைதான். ஆனால் வால்வு தரகர் கைபட்ட நாதஸ்வரத்தில் வாசிப்பவரின் மூச்சே கேட்கும் என்பது அர்த்தனாரியின் கட்சி. கேசட் டேப்பும் பெரிய ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் வீட்டில் இருந்தன. காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன மகன் முரளி விட்டுவிட்டுப் போனவை.

ஐம்பத்து நாலு வயது. சொந்தமாக மிளகுத் தோட்டம். எதற்காக இந்தப் பொய்? அர்த்தனாரி தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்தார். பெருமாயி எதையும் வாங்காதீர்கள் என்று ஒருநாளும் சொன்னவள் இல்லை. அவருடைய பயமெல்லாம் ஒரு ரேடியோவைப் பற்றி.

மலைமேல் குண்டூர் நாட்டில் அவர்கள் ஊருக்குக் கரண்ட் வந்த வருடம், அது எழுபத்தாறு, அடிவாரத்திலிருந்து பெருமாயியின் அப்புச்சி பேத்திக்காக ஒரு வால்வு ரேடியோ கொடுத்தனுப்பினார். பதினோரு நாள் பாடியது. பன்னிரண்டாம் நாள் கரகரத்தது. தபாலில் ரேடியோ மெக்கானிசம் படித்திருந்த அர்த்தனாரி, "சாயங்காலத்துக்குள்ள பாட வெச்சுடறேன்" என்று கழற்றினார். இருபத்து மூன்று வருடமாக அந்தச் சாயங்காலம் வரவில்லை. ரேடியோவின் குடல் பரண்மேல் ஒரு மூட்டையில் கிடந்தது. மரப்பெட்டியில் பெருமாயி வெங்காயம் போட்டுவைத்தாள். திட்டவில்லை. ஒரு சொல் சொல்லவில்லை. தினமும் வெங்காயம் எடுத்தாள், அவ்வளவுதான்.

பஸ் இறங்கி வந்தவரைப் பெருமாயி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, என்னங்க மூட்டை?"

"மொளகு காயவைக்கிற மெசினு. ஆபீஸ்ல குடுத்தாங்க."

"எந்த ஆபீஸுங்க?"

"அதான்... அந்த ஆபீஸு."

"சும்மாவா?"

"பழசு. கொஞ்சம் ரிப்பேர் பாக்கோணும்."

பெருமாயி சாக்கை விலக்கி, மூடி ஓட்டை வழியே உள்ளே பார்த்தாள். பித்தளைக் குமிழ்களைத் தடவினாள். "மொளகு மெசினுக்குக் குமிழு நல்லாத்தான் வெச்சிருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு உலை பார்க்கப் போய்விட்டாள்.

பொய் இவ்வளவு சுலபமா? அர்த்தனாரிக்குப் பெருமையாக இருந்தது. கூடவே என்னவோ போலவும் இருந்தது.

ஐப்பசியும் கார்த்திகையும் ரிப்பேரில் போயின. வீங்கிய கண்டன்சர்களை மாற்றினார். துரு தட்டினார். ஈயம் உருக்கி உருக்கி விரலில் மூன்று கொப்புளம். இரண்டு வால்வுகளும் செத்திருந்தன. சேலத்துப் பழைய சாமான் கடைக்காரர் சின்னுசாமி எங்கிருந்தோ ஒரு ஜோடி பிடித்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே எச்சரித்தார்: "இதுக்கு ஆயுசு மணிக்கணக்குங்க. பாட்டுக் கேக்கும்போது மட்டும் போடுங்க. இது போச்சுன்னா என்கிட்ட வராதீங்க, வேற இல்ல."

பெருமாயி கொல்லைக் காட்டுக்குப் போன ஒரு முற்பகலில் பெட்டி முதல்முறையாகப் பாடியது. நாதஸ்வரம். மூச்சு கேட்டது. அர்த்தனாரிக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் "கேட்டியா?" என்று கேட்டிருப்பார். அப்படிக் கேட்க வேண்டிய காதுக்குச் சொந்தக்காரி அப்போது மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். அவள் வரும் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டார். திருடன் மாதிரி.

தை பிறந்தது. மிளகு பறித்தார்கள். பறித்த மறுநாளே மூட்டம் இறங்கியது. மூன்று நாள் மிளகு காயவைக்கும் பாறையில் வெயில் இல்லை. மிளகு பூசணம் பிடிக்கும் நிலை.

"அந்த மெசினப் போடுங்க" என்றாள் பெருமாயி.

"இன்னிக்கு வேண்டாம் பெருமாயி."

"மூட்டம் வெலகி வெயிலடிக்கையில போடறதுக்கா ஆபீஸ்ல குடுத்தாங்க?"

போட்டார். வால்வு இரண்டும் சிவந்தன. பெருமாயி மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "அட, எளஞ்சூடுங்க! பதமா இருக்குதே!" என்று மிளகு முறத்தைத் தூக்கி மேலே வைத்தாள்.

"மேல வெக்கக்கூடாது!"

"காயவைக்கிற மெசினுல மேல வெக்காம வேற எங்கீங்க வெக்கிறது?"

பதில் இருந்தது. சொல்ல முடியாது.

அன்று காலை முதல் பொழுது சாயும்வரை பெட்டி எரிந்தது. மறுநாளும் எரிந்தது. ஒவ்வொரு மணி நேரமும் ஒரு நாதஸ்வரக் கச்சேரி கண்ணெதிரில் ஆவியாகிப் போவதை அர்த்தனாரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நைசாகப் போய் நிறுத்தினால், பெருமாயி அடுப்படியிலிருந்தே, "ஏனுங்க, சூடு கொறையுது" என்பாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவளுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாதம்மாள் முறத்தோடு வந்தாள்.

"அண்ணா, எங்களுதையும் ஒருநா வெச்சுக்கறனுங்க. ஊரே பேசுது உங்க மெசினப் பத்தி."

"ஊரேவா?"

"குண்டனி நாட்டுல எங்க தங்கச்சிக்கும் ஒண்ணு வேணுமாம். எந்த ஆபீஸுங்கண்ணா?"

பெருமாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க, எந்த ஆபீஸு?"

ஒன்பதாம் நாள் ஒரு வால்வு கண் சிமிட்டியது. அர்த்தனாரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முறத்தை இறக்கி வைத்தார்.

"பெருமாயி, இது மொளகு மெசினு இல்ல. பாட்டுப் பொட்டி."

"தெரியுமுங்க."

"எப்ப இருந்து?"

"மொத நாளே. அந்த வால்வு எனக்குத் தெரியாதுங்களா? எங்க அப்புச்சி குடுத்த ரேடியோவுல நாலு இருந்துச்சே."

இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு 'ரேடியோ' என்ற சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

"தெரிஞ்சும் ஏன் மொளகு வெச்ச?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க. மொத நா சொல்லுவீங்கன்னு பாத்தன். மாதம்மா வந்தன்னிக்கு சொல்லுவீங்கன்னு பாத்தன். ஒம்போது நாளாச்சு. மொளகும் காஞ்சிருச்சு."

அர்த்தனாரி தலை குனிந்தார். அன்று ரேடியோவைக் கழற்றியது தப்பில்லை. முடியவில்லை என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதுதான் தப்பு. அது இவ்வளவு வயசான பிறகா புரிய வேண்டும்? "உக்காரு பெருமாயி. ஒரே ஒரு பாட்டு கேளு" என்று கேசட்டைப் போட்டார். பெட்டி 'கொய்ங்' என்றது. சிமிட்டிய வால்வு கருத்து, அணைந்தே போனது.

பெருமாயி எழுந்து உள்ளே போனாள். ஒரு தகர டப்பாவோடு வந்தாள். திறந்தாள். பழைய சேலைத் துணி சுற்றி அந்த ரேடியோவின் நாலு வால்வு. பரணில் எலி தட்டி உடைத்திருக்கும் என்று அவர் எப்போதோ கைகழுவியவை. ஒன்றை எடுத்து அதில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்தார். கருத்துப்போன வால்வின் அதே எண்!

"பெருமாயி, இது ஒண்ணு போதும்!"

டப்பாவை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் கையிலிருந்த வால்வையும் மெதுவாக வாங்கி உள்ளே வைத்தாள்.

"ரேடியோவுக்கு நாலும் வேணுமில்லீங்க? மொதல்ல அதப் பூட்டுங்க."

பெட்டியில் பழகிய கைக்கு ரேடியோ ஒரு மாதம் பிடித்தது. மாசிக் கடைசியில், ஒரு சாயங்காலம், வெங்காயத்தைக் கொட்டிவிட்டுத் துடைத்த மரப்பெட்டிக்குள்ளிருந்து ரேடியோ பாடியது. பெருமாயி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். அவள் முகம் அப்படி ஆவதை அர்த்தனாரி இத்தனை வருடம் பார்க்காமல் இருந்திருக்கிறார். அவள் இப்போது தன் பக்கம் திரும்புவாள், ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்.

திரும்பினாள்.

"ஏனுங்க, அந்த மொளகு மெசினக் கொஞ்சம் தள்ளி வெய்யுங்க. ரேடியோவுக்கு எடம் பத்தல."