முதுகு காட்டிய துண்டண்ணன்

சேலம், நாமக்கல் ரெண்டு ஜில்லாவையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் துண்டண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்க மாட்டார். பல்லிக்குப் பயம். பலூனுக்குப் பயம். குக்கர் விசில் வரப்போகிறது என்றால் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றுகொள்வார். அப்பேர்ப்பட்ட மனுசன் பார்த்த வேலை, குத்துச்சண்டை போடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை.

நாமக்கல்லில் எங்கள் வீட்டை ஒட்டி, லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. பட்டறை வேறு இடத்துக்குப் போனதும், அந்தத் தகரக் கொட்டகைக்குள் நாலு கம்பம் நட்டு, கயிறு கட்டி, பையன்கள் பாக்சிங் பழக ஆரம்பித்தார்கள். காற்று வரட்டும் என்று எங்கள் பக்கத் தகரத்தில் ஒரு ஜன்னலும் வெட்டினார்கள். அந்த ஜன்னலுக்கு நேராகத்தான் என் தையல் மிஷின். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பேன், பாவாடை தைப்பேன். கொட்டகையில் குத்துப் பை கிழிந்தால், சேலம் பக்கம் இளம்பிள்ளை ஊர்த் தறிகளில் இருந்து வரும் கழிவுத் துணியை உள்ளே திணித்துத் தைத்துக் கொடுப்பேன்.

பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் துண்டண்ணன். ரிங்கின் மூலையில் நின்று, ஒரு சுற்று முடிந்தால் ஸ்டூல் போட்டு, தண்ணீர் கொடுத்து, வேர்வை துடைத்துவிடுவது அவர் பொறுப்பு. அவரைப் பெற்றவர்கள் என்ன பேர் வைத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தோளில் கிடப்பது வேர்வைத் துண்டு. இடுப்பில் கட்டியிருப்பது ரத்தத் துண்டு. கக்கத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இன்னொன்று இருக்கும். அதுதான் வீசுகிற துண்டு. நம்ம ஆள் இதற்கு மேல் அடி தாங்க மாட்டான் என்று தோன்றினால், மூலையில் நிற்பவர் துண்டை உள்ளே வீசலாம். வீசினால் சண்டை அத்தோடு நின்றுவிடும். நம்ம ஆள் தோற்றான் என்று கணக்கு.

மணி அடித்ததும் துண்டண்ணன் சண்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். ஒரு குத்தைக் கூட அவர் கண்ணால் பார்த்தது கிடையாது. ஜன்னல் வழியாக என் மூஞ்சியைத்தான் பார்ப்பார்.

"அம்மிணி, என்னாச்சு?"

நானோ பஸ்ஸில் இறங்குகிற ஊரைச் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே திரும்பி வந்தவள்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா."

"பொய் சொல்லாத. உன்ற புருவம் மேல ஏறுச்சு. யாருக்கு உளுந்துச்சு?"

"செல்வத்துக்குங்க."

"எங்க?"

"வயித்துலீங்க."

"வயிறுதானா. செரி, நீ தைச்சுக்க."

நான் எங்கே தைப்பது? அந்த நாளில் நான் அடித்த ஃபால்ஸ் பாதி கோணலாகத்தான் போயிருக்கும்.

வீசுகிற துண்டைக் கொட்டகைக்குள் வீசினதை விட வெளியே வீசினதுதான் அதிகம். பஸ் ஸ்டாண்டில் ரெண்டு கண்டக்டர்கள் ஆள் ஏற்றுவதில் முட்டிக்கொண்டால் நடுவில் துண்டு பறக்கும். ஒரு கல்யாணத்தில் பந்தியில் யாரை முதலில் உட்கார வைப்பது என்று பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் சண்டை. துண்டண்ணன் பதறிப்போய் வீசினார். துண்டு நேராகப் பாயசக் குண்டாவுக்குள் விழுந்தது. சண்டை நின்றது. ரெண்டு வீட்டாரும் ஒண்ணு சேர்ந்து துண்டண்ணனை அடிக்க வந்தார்கள். ஓடி வந்து என் வீட்டு வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டே, "எப்பிடியோ, ஒட்டுக்கா வந்தாங்கல்ல அம்மிணி?" என்றார்.

கொட்டகையில் பழகினவர்களில் செல்வமும் அன்வரும் உயிருக்கு உயிராக இருந்தார்கள். செல்வம் சேந்தமங்கலம் ரோட்டில் தோட்டமும் கோழிப் பண்ணையும் உள்ள வீட்டுப் பிள்ளை. அன்வர் வீட்டார் சேலத்தில் துணிக்கடை வைத்திருந்தார்கள்; அவன் இங்கே மாமா வீட்டில் தங்கி லாரி பார்சல் ஆபீசில் வேலை பார்த்தான். ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒரு பைக்கில் சுற்றினார்கள்.

ஜில்லாப் போட்டியில் ரெண்டு பேருமே வேறு வேறு எடையில் மெடல் வாங்கினார்கள். அதில் அன்வருக்கு இடது புருவம் கிழிந்துவிட்டது. செல்வமும் துண்டண்ணனும்தான் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். தையல் போடும்போது அன்வர் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தானாம். கையைப் பிடித்துக்கொண்டிருந்த செல்வம் மயக்கம் போட்டு விழுந்தானாம். துண்டண்ணன் ரோட்டில் நின்றாராம். கடைசியில் டாக்டர் வாசலுக்கு வந்து சொன்னதை மூன்று பேரும் கேட்டார்கள்: "இதே எடத்துல இன்னொரு பலமான அடி விழுந்தா கண்ணுக்கே ஆபத்து."

அடுத்த வாரம் எங்கள் தெரு முனையில் வாழ்த்து ஃப்ளெக்ஸ் ஒன்று ஏறியது. அதில் செல்வத்தின் மூஞ்சி அண்டா அளவு. அன்வரின் மூஞ்சி எலுமிச்சம்பழம் அளவு. அதுவும் செல்வத்தின் பூட்ஸ் காலுக்குக் கீழே. அன்வர் கட்டுப் போட்ட கண்ணோடு வந்து அதை அண்ணாந்து பார்த்தான். அப்படியே திரும்பிப் போய்விட்டான். செல்வம்தான் வைத்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான். 'என்னைய வந்து ஒரு வார்த்தை கேட்டானா?' என்று செல்வம் வீம்பு பிடித்தான். அதோடு பேச்சு நின்றது. எதிரில் வந்தால் ஒருத்தன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போவான். பிறகு அதுவும் போய், முறைக்கிற அளவுக்கு முற்றியது.

இப்படி இருக்கையில்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். குத்துச்சண்டைப் படமாம். கொட்டகை பிடித்துப்போயிற்று. கதாநாயகனுக்கும் வில்லனுக்கும் குத்துத் தெரியாது என்பதால், முதுகுப்பக்கம் எடுக்கிறபோது மட்டும் டூப்பாக நிற்க ரெண்டு ஆள் கேட்டார்கள். நாயகனுக்கு அன்வர், வில்லனுக்கு செல்வம். இன்னொரு டூப் யார் என்று தெரியாமலே ரெண்டு பேரும் தலையாட்டிவிட்டார்கள். மூலையில் துண்டோடு நிற்கத் துண்டண்ணனையே வைத்துக்கொண்டார்கள்.

டைரக்டர் தம்பி என் ஜன்னலோரம் நின்றுதான் அவருக்குக் கதை சொன்னது. "ரெண்டு உயிர் நண்பர்கள்ங்கய்யா. ஒரு துரோகத்தால எதிரி ஆயிடறாங்க. கடைசியில ரிங்குக்குள்ளயே மோதறாங்க."

துண்டண்ணன் கக்கத்துத் துண்டை இறுக்கிக்கொண்டார். "துரோகம் யாருங் தம்பி பண்ணுனது?"

"மூணாவதா ஒருத்தன். கூடவே இருக்கிறவன்."

"அவனை என்னுங்க பண்ணுவீங்க?"

"கொன்னுடுவோங்கய்யா. இன்டர்வெல்லுக்கு முன்னாடியே."

தம்பி அந்தப் பக்கம் போனதும் துண்டண்ணன் தலையை என் ஜன்னலுக்குள் நீட்டினார். மூஞ்சி வெளுத்துக் கிடந்தது.

"அம்மிணி, அந்த ஃப்ளெக்ஸை அடிக்கக் குடுத்தது நாந்தான்."

என் கையில் ஊசி ஏறிவிட்டது.

"ரெண்டு பேரும் திடீர்னு பாத்து சந்தோசப்படட்டும்னு சொல்லாமக் குடுத்தேன். செல்வத்துக்கு மெடலோட போட்டோ இருந்துச்சு. அன்வரு மூஞ்சி பூசணியாட்ட வீங்கிக் கெடந்துச்சு, என்னத்த எடுக்கறது? கொட்டகையில அவன் பாஸ்போர்ட் போட்டோ ஒண்ணு இருந்துச்சு. அதைக் குடுத்தா, பெருசாக்குனா ஒடைஞ்சு கட்டங்கட்டமாத் தெரியும்னு கடைக்காரப் பையன் சொன்னான். நம்ம புள்ளை மூஞ்சி ஒடையக்கூடாதுன்னு சிறுசாவே போடச் சொல்லிப்புட்டேன்."

"அதைச் சொல்லீரலாமுங்களேண்ணா?"

"சொன்னா ரெண்டு பேரும் என்னைய உட்டுப்போட்டுப் போயிருவாங்க. சொல்லாட்டி அவனுங்க ரெண்டு பேருந்தான் பிரிஞ்சானுங்க, எனக்கு ரெண்டு பேரும் இருக்கறானுங்கல்ல?"

இந்தக் கணக்கை என்னவென்று சொல்வது? சிரிக்கவும் வரவில்லை, திட்டவும் வாய் வரவில்லை. அன்றிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. கோபத்தில் செல்வத்தின் கை அந்த இடது புருவத்தில் பட்டுவிட்டால் அன்வருக்குக் கண் போய்விடும். ஃப்ளெக்ஸ் சங்கதி தெரிந்தது இந்த மனுசனுக்கும் எனக்கும் மட்டும்தான். என் கூச்சத்துக்கு நான் எங்கே போய்ச் சொல்வது?

ஷூட்டிங் ஆரம்பித்த நாளே ரகளை. "ஆக்சன்" என்றார்கள். செல்வம் கையை ஓங்கினான். என் புருவம் ஏறியது. துண்டண்ணன் துண்டை வீசிவிட்டார்.

"ஐயா, இது நடிப்புங்கய்யா!"

"தெரியுமுங் தம்பி."

"அப்பறம் ஏன் வீசுனீங்க?"

"அவங்களுக்குத் தெரியுமான்னு தெரியலீங்களே."

மறுக்கா எடுத்தார்கள். வேர்வைத் துண்டு பறந்தது. மறுக்கா. ரத்தத் துண்டு பறந்தது. அதற்கப்புறம் காமிராக்காரர் கழுத்தில் கிடந்த துண்டு. மதியத்துக்குள் கொட்டகையில் ஒரு துண்டு மிச்சமில்லை. மேனேஜர் எல்லாவற்றையும் சுருட்டி வேனுக்குள் வைத்துப் பூட்டினார். துண்டண்ணனை வெளியே அனுப்பிவிட்டார். அவர் நேராக வந்து என் மிஷினுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

கடைசிச் சண்டை எடுக்கிற நாள் வந்தது. அன்றைக்கும் துண்டண்ணன் என் மிஷினுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே உள்ளே சரியில்லை. லைட் போடுகிற இடைவேளையில் அன்வர் சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "நல்லாக் குத்து. இதுல உன்ற மூஞ்சி தெரியாது. ஃப்ளெக்ஸ் வெச்சாலும் முதுகைத்தான் வெக்கோணும்."

செல்வத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. "என்னடா சொன்ன?"

டைரக்டர் தம்பிக்கு அவர்கள் கதை எங்கே தெரியும்? "சூப்பர்! இதே கோபம்தான் வேணும். கொஞ்சம் நெசமாவே தொடுங்க" என்றார்.

மணி அடித்தது. முதல் குத்தே சத்தம் வேறு மாதிரி இருந்தது. குத்துப் பை கிழியும்போது வருகிற சத்தம்.

"என்னாச்சு அம்மிணி?"

அன்வர் பின்வாங்கிக்கொண்டே வந்து கயிற்றில் சாய்ந்துவிட்டான். கை தழைந்துவிட்டது. இடது பக்கம் வெறுமனே திறந்து கிடந்தது.

"அம்மிணி! உன்ற மூஞ்சி ஏன் இப்பிடிப் போவுது?"

"அண்ணா, நெசமா அடிக்கறாங்கண்ணா! இடது பக்கமுங்கண்ணா!"

வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தினது அதுதான் முதல் தடவை. துண்டண்ணன் எழுந்தார். தோளைத் தடவினார், இடுப்பைத் தடவினார், கக்கத்தைத் தடவினார். ஒரு துண்டு இல்லை. என் மிஷினில் டீச்சரம்மா ஒருத்தர் ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்திருந்த இளம்பிள்ளைப் பட்டு, மாம்பழக் கலர், ஊசியோடு கிடந்தது. வெடுக்கென்று உருவினார். நூல் அறுந்தது. சேலையைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினார். பல்லிக்குப் பயந்த மனுசன் லைட்டை, காமிராவை, மேனேஜரை எல்லாம் தாண்டி ஓடினார்.

வீசின பந்து காற்றில் விரிந்தது. முந்தானை ஒரு கம்பத்தில் மாட்டி, மீதிச் சேலை கல்யாணப் பந்தல் மாதிரி அகலமாக இறங்கி ரெண்டு பேர் தலையையும் மூடிக்கொண்டது. உள்ளே யார் எங்கே என்று தெரியவில்லை.

துண்டண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேலையைப் பார்த்தே பேசினார். "அந்த ஃப்ளெக்ஸைக் குடுத்தது நாந்தாஞ்சாமி. அவன் இல்ல. அன்வரு போட்டோ சிறுசு. பெருசாக்குனா ஒடைஞ்சுருமுன்னாங்க. பூட்ஸுக்கடியில எடம் இருந்துச்சுன்னு அந்தக் கடைக்காரப் பையன் வெச்சுப்புட்டான். அடிக்கறதுன்னா என்னைய அடிங்க. அந்தக் கண்ணை உட்டுருங்க."

சேலைக்குள்ளிருந்து முதலில் செல்வத்தின் குரல் வந்தது. "நீ ஏண்டா என்னைய வந்து கேக்கல?"

"நீ ஏண்டா வந்து சொல்லல?"

"எனக்கே தெரியாததை எப்பிடிறா சொல்றது?"

பிறகு சேலை குலுங்கியது. அடித்துக்கொள்கிறார்களோ என்று நான் மிஷினை விட்டு எழுந்துவிட்டேன். யாரோ சேலையை விலக்கினதும் பார்த்தால், ஒருத்தன் தோளில் ஒருத்தன் முட்டுக்கொடுத்து நிற்கிறார்கள். சிரிப்பா அழுகையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்வரின் புருவத்தில் புதுசாக ஒரு கீறல் இல்லை. அடுத்த நிமிசம் ரெண்டு பேரும் ஒரே மாதிரித் திரும்பித் துண்டண்ணனை முறைத்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு மாசம் போல ரெண்டு பேரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே பைக்கில் வருவார்கள். அவர் வாசலில் வண்டியை நிறுத்தி, மாற்றி மாற்றித் திட்டிவிட்டு, ஒரே பைக்கில் போவார்கள். துண்டண்ணன் என்னிடம் ஓடி வருவார். "இன்னிக்கும் ஒட்டுக்கா வந்து திட்டுனாங்க அம்மிணி!" என்பார். மெடல் வாங்கினவர் மாதிரி இருக்கும் மூஞ்சி. சேலைக்காக டீச்சரம்மா என்னைத் திட்டினது தனிக் கதை.

படம் வந்ததும் செல்வமும் அன்வரும் எங்களை தியேட்டருக்குக் கூட்டிப் போனார்கள். சண்டைக் காட்சி வந்தது. துண்டண்ணன் சீட்டில் திரும்பி, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்க்க ஆரம்பித்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்க்கிறார்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

"அம்மிணி, நம்ம பசங்க தெரியறாங்களா?"

"முதுகுதாங்கண்ணா தெரியுது."

"ரெண்டும் ஒரே அளவா இருக்குதா?"

"ஒரே அளவுதானுங்கண்ணா."

நிம்மதியாகத் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னைக்கு நான் சேலையை வீசுனதாலதானே செல்வம் கை நின்னுச்சு?"

உள்ளே இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்த துண்டண்ணனைத்தான் பார்த்தார்கள்; செல்வத்தின் கையை ஜன்னல் வழியாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். சேலை காற்றில் விரியும் முன்னாலேயே செல்வத்தின் கை அந்தப் புருவத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. அத்தனை கோபத்திலும் அந்தப் பக்கம் போக அவன் கைக்கு மனசு வரவில்லை. மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் சேலை விழுந்தது. அதைச் சொன்னால், பாவம், இந்த மனுசன் ஓடின ஓட்டம் என்னாவது?

"ஆமாங்கண்ணா. நீங்க வீசுனதாலதான் நின்னுச்சு."

துண்டண்ணன் என்னை வெகுநேரம் பார்த்தார். திரை வெளிச்சத்தில் அவர் கண் பளபளத்தது.

"உன்ற மூஞ்சி வேற சொல்லுதே அம்மிணி" என்றார். ரத்தத் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த செல்வத்தின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். படம் முடிகிற வரை விடவில்லை.

இப்போது அவர் சேந்தமங்கலத்தில் இருக்கிற மகள் வீட்டுக்கே போய்விட்டார். கொட்டகையில் புதுப் பையன்கள் பழகுகிறார்கள். உள்ளே மணி அடித்தால் மிஷினில் உட்கார்ந்திருக்கிற என் புருவம் இன்றைக்கும் தானாக மேலே ஏறுகிறது. யாருக்கு உளுந்துச்சு என்று கேட்கத்தான் ஆள் இல்லை.