சிவப்பாக இருந்தால் நிற்கும்

பொதுமக்களின் உயிரையும் உடைமையையும் பாதுகாக்கும் உன்னத நோக்குடன் இயங்கிவந்த வாகனப் பாதுகாப்பு மேம்பாட்டு அலகில், பஹ்மி பதினொரு வருடம் முகாமைத்துவ உதவியாளராக இருந்தான். அந்தப் பதினொரு வருடத்தில் அவன் ஒரு வாகனத்தையும் குனிந்து பார்த்ததில்லை. பார்க்கும்படி யாரும் எழுத்தில் கேட்கவில்லை.

கந்தோர் முடிந்தால் அவன் வேறு மனிதன். ஏறாவூரில் அவன் வீட்டு வாசலில் ஒரு நீல நிறக் குட்டி ஜப்பான் கார் நின்றது. ஆள் சின்னது, எஞ்சின் பொல்லாதது. அவனும், அவனைப் போலவே நாற்பதை நெருங்கி வயிறு முன்னுக்கு வந்த ஆறு பேரும் சேர்ந்து வேக அபிமானிகள் கழகம் ஒன்றை நடத்தினார்கள். வெளிநாட்டில் பந்தய ஓடுபாதையில் கார் ஓட்டி மகிழ்வதற்கென்று நாள் வைக்கிறார்களே, அப்படி ஒரு நாளை இங்கும் வைக்க வேண்டும் என்று கழகம் ஏகமனதாகத் தீர்மானித்தது.

பாதைக்குக் குறைவில்லை. வவுணதீவுப் பக்கம் வட்டைக்குள்ளால் ஒரு புதுத் தார்க் காபட் வீதி போட்டிருந்தார்கள். வயலைக் கிழித்துக்கொண்டு நேராக ஓடி, வாவிக்கரையில் போய் முடியும். அதற்கு அப்பால் பாலம் வரவேண்டும். அடிக்கல் மூன்று தடவை நாட்டியாயிற்று, பாலம்தான் இன்னும் வரவில்லை. அதனால் அந்த வீதியில் நெல் காயப்போடுகிறவர்களைத் தவிர வேறு போக்குவரத்து கிடையாது.

அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதியது பஹ்மி. அதைக் கந்தோரில் பரிசீலித்ததும் அவன்தான். நிபந்தனை இல்லாத அனுமதி மேலதிகாரிக்குப் பிடிக்காது என்பதால் ஒரு வசனம் சேர்த்தான்: “பங்குபற்றும் வாகனங்களின் பிரேக்குகள் மேம்படுத்தப்பட்டிருத்தல் கட்டாயமாகும்.” வசனம் நன்றாக வந்திருந்தது. இரண்டு தடவை வாசித்து ரசித்தான். தன்னிடமும் ஒரு வாகனம் இருப்பது மூன்றாம் தடவை வாசிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

வவுணதீவில் கராஜ் வைத்திருந்த சீனித்தம்பியிடம் போனான்.

“திரும்பத் திரும்ப ஓடிப் பிரேக் பிடிச்சா சூடேறும் தம்பி” என்றார் சீனித்தம்பி. “பழைய பிரேக் எண்ணெய் கொதிச்சிரும். மறுகா பெடல மிதிச்சா பஞ்சுல மிதிச்ச மாதிரித்தான். சூடு தாங்குற பிரேக் பேட்டும் புது எண்ணெயும் போடுவம். வேற ஒண்டும் வேணாம். செலவும் குறைவு.”

“போட்டா வெளியில தெரியுமா அண்ணன்?”

“என்னத்துக்குத் தெரியணும்? கார் நிக்கும்.”

பஹ்மிக்கு இந்தப் பதில் திருப்தி தரவில்லை. உதவிப் பணிப்பாளர் நல்லரத்தினம் சேரிடம் விளக்கம் கேட்டான். சேர் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஆனால் எல்லா வாகனங்களுக்கும் சுற்றறிக்கை எழுதியவர்.

“மேம்படுத்தியாச்செண்டு நான் எப்பிடித் தெரிஞ்சுகொள்றது?” என்று சேர் திருப்பிக் கேட்டார்.

“கார்ச் சில்லக் கழட்டினாத் தெரியும் சேர்.”

“சில்லுக் கழட்ட நமக்கு ஆளணி இல்ல. கழட்டாமத் தெரியணும்.”

“எண்ணெய் உள்ளுக்க இரிக்கி சேர்.”

“உள்ளுக்க இருக்கிறதெல்லாம் நம்பிக்கை, பஹ்மி. கந்தோருக்கு அத்தாட்சி வேணும்.”

சேர் கைபேசியில் தேடி ஒரு பந்தயக் காரின் படத்தை எடுத்தார். சில்லின் இடைவெளியால் பிரேக்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர் பளிச்சென்று சிவப்பாகத் தெரிந்தது.

“இந்தா, இதுதான் மேம்படுத்தினது. சிவப்பா இருக்கு. இதப் பின்னிணைப்பாச் சேருங்க.”

சிரிக்க வேண்டிய இடம். பஹ்மி சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவனுக்கும் ஆரம்பத்திலிருந்தே அந்தச் சிவப்பில்தான் கண். யாருக்கும் தெரியாத எண்ணெயை ஊற்றிக்கொண்டு கழகத்தார் முன்னால் எப்படிப் போய் நிற்பது?

மனைவி பர்ஸானா வோஷிங் மெஷினுக்கென்று சேர்த்த காசு இருந்தது. அதில் சிவப்புப் பெயின்ற் வாங்கிக் கலிப்பரில் அடித்தான். பழைய சில்லுக்குள் சிவப்பு தெரியவில்லை. ஆகவே இடைவெளி அகன்ற புது அலோய் றிம் நான்கு வாங்கினான். அதோடு காசு தீர்ந்தது. பேட்டும் எண்ணெயும், அந்தப் பாலத்தைப் போலவே, அடுத்த கட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன.

“வோஷிங் மெஷின் காசில என்னத்த வாங்கினீங்க?” என்று பர்ஸானா கேட்டாள்.

“பாதுகாப்பு.”

“அது எங்க இரிக்கி?”

“சில்லுக்குள்ள. சிவப்பா.”

அவள் குனிந்து பார்த்தாள். “பெயின்ற் மாதிரியெல்லோ இரிக்கி.”

பாவம், அவளுக்குப் பின்னிணைப்பைக் காட்ட யாரும் இல்லை. மறுநாள் பஹ்மியின் காருக்கு முதலாம் இலக்கச் சான்றிதழ் கிடைத்தது.

விழா நாளில் ஏழு பேர் உரையாற்றினார்கள். நாடா வெட்டப்பட்டது. முதல் கார் பஹ்மியுடையது. முதல் ஓட்டத்தில் தண்ணீருக்கு ஐம்பது மீற்றர் இருக்கும்போது கார் கம்பீரமாக நின்றது. கழகத்தார் கைதட்டினார்கள். திரும்பிப் போய் மீண்டும் வந்தான். இரண்டாவதில் பத்து மீற்றர் இருக்கும்போது நின்றது. கைதட்டல் கூடியது. மூன்றாவதில் பெடல் பஞ்சாகப் போயிற்று.

அப்போது பஹ்மி உண்மையாகவே பயந்துபோனான். பர்ஸானாவின் முகமும் சீனித்தம்பியின் எண்ணெய்ப் போத்தலும் கண்ணுக்குள் வந்தன. கலிமா சொல்லத் தொடங்கினான். சொல்லி முடிக்கும்போது கார் வாவிக்குள் இருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான், அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான்.

நல்லரத்தினம் சேர் குடையோடு கரைக்கு வந்தார்.

“நிண்டதா?”

“நிண்டது சேர். தண்ணிக்குள்ள.”

“எங்கயெண்டு நான் கேக்கல்ல. நிண்டதா இல்லையா?”

“நிண்டது சேர்.”

“அப்ப சரி.”

அறிக்கை எழுதும் பொறுப்பு, வழக்கம்போல, பஹ்மிக்கே வந்தது. “பிரேக் பிடிக்கவில்லை” என்று இரண்டு சொல் எழுதினால் போதும். எழுதினால் முதலாம் இலக்கச் சான்றிதழைப் பற்றிக் கேள்வி வரும். அவன் இப்படி எழுதினான்: “மேம்படுத்தப்பட்ட பிரேக்குகளைக் கொண்ட வாகனம் மூன்று சந்தர்ப்பங்களிலும் முழுமையாக நின்றது. மூன்றாம் சந்தர்ப்பத்தில் வாவி மிக அருகில் காணப்பட்டது.” வீட்டுக்குப் போய், சேறான உடுப்பைக் கிணற்றடியில் தானே கையால் கழுவினான். பர்ஸானா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

திட்டம் வெற்றியளித்தமையால் அது பயணிகள் பஸ்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. துறையில் நேரடி அனுபவம் உள்ள ஒரே அலுவலர் என்ற வகையில் பஹ்மி சான்றளிக்கும் அதிகாரியானான். முதல் நாள் காலையிலேயே பஸ் முதலாளி சாலிஹ் வந்து நின்றார்.

“பிரேக் கொஞ்சம் பிந்தித்தான் பிடிக்கும் சேர்” என்றார், ஒளிவு மறைவில்லாமல். “பெடலும் ஒரு மாதிரிப் பஞ்சு போல. ஆனா பெயின்ற் ரெண்டு தரம் அடிச்சிரிக்கி.”

பஹ்மி உத்தியோக வாழ்க்கையில் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தான். சிவப்பாகத்தான் இருந்தது. பஞ்சு என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்கு வாவித் தண்ணீர் ஞாபகம் வந்தது. ஆனாலும் சான்றிதழில் கையொப்பமிட்டு முத்திரை குத்தினான். சாலிஹ் அதை முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போனார்.

கார் இன்னும் சீனித்தம்பியின் கராஜில் காய்ந்துகொண்டிருந்தது. அதனால் மாலையில் பஹ்மி பஸ்ஸுக்கு நின்றான். வந்தது சாலிஹின் பஸ். விடலாமா என்று யோசித்தான். அடுத்த பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால் ஏறினான்.

ஏறாவூர்ச் சந்தி வந்ததும் மணியை அடித்தான். சந்தி வந்த வேகத்திலேயே பின்னுக்குப் போயிற்று.

“பயப்பிடாதீங்க தம்பி” என்றார் பக்கத்தில் கறிச்சாமான் பையோடு இருந்த ஒரு பெண். “இது எப்பவும் கொஞ்சம் அங்கால போய்த்தான் நிக்கும்.”

முன் கண்ணாடியில் தான் கையொப்பமிட்ட சான்றிதழ் பஸ்ஸோடு சேர்ந்து ஆடுவதைப் பார்த்தபடி, பஹ்மி பஸ்ஸின் தரையைப் பிரேக் பெடலைப் போல வலது காலால் அழுத்தி மிதித்தான். வெட்கமாக இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான்.

பஸ்ஸில் இருந்த எல்லோரும் தரையை மிதித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.