கவிதைக்குத் திரும்பிய பல் டாக்டர்

கவிதையே படிக்காதவரால் யாருக்கும் தொந்தரவில்லை. விடாமல் படிப்பவராலும் இல்லை. அவர் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடப்பார். நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகம்: கல்லூரியோடு கவிதையைக் கைகழுவிவிட்டு, தலை நரைத்தபின் ஒருநாள் திடீரென்று அதனிடம் திரும்பி வந்தவர். இவரை உங்களுக்குத் தெரியும். "இப்ப எழுதுறவங்களைப் படிச்சிருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பார். ஆமாம் என்றால் முகம் வாடும். இல்லை என்றால் படித்துக் காட்டுவார்.

எனக்கு வாய்த்தவர் பல் டாக்டர். இந்த ரகத்தில் மற்றவர்கள் ஆளைத் துரத்திப் பிடிக்க வேண்டும். இவருக்குச் சாய்த்துப் படுக்கவைக்க நாற்காலியே இருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, கன்னத்துக்குள் பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டி, கண்ணுக்கு நேராக விளக்கை எரியவிட்டு, "மருந்து பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து புத்தகத்தை எடுப்பார். ஒரு கவிதையை வாசித்து முடித்து நம்மைப் பார்ப்பார்.

"எப்படி?"

"ஆ..."

"அதேதான்! அந்த 'ஆ'தான் கவிதை."

விளக்கமும் உண்டு. "இதுல குடைன்னா குடை இல்லை." வேறென்ன என்று கேட்க நாக்கு ஒத்துழைக்க வேண்டாமா? ஒருமுறை விளக்கம் நீண்டுகொண்டே போக, மருந்தின் வீரியம் இறங்கி, குடைகிற கருவி பல்லைத் தொட்டதும் நான் கண்ணீர் விட்டேன். என்னைப்போல் உருகிக் கேட்டவர் யாருமில்லை என்று இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

வாசல் மேஜையில் டோக்கன் கொடுப்பது அவர் மனைவி. அந்த அம்மாவுக்கே கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. வாயைத் திறக்கவில்லை. ஒரு பக்கமாக மென்றார். காபியை ஆறவைத்துக் குடித்தார். வீங்கிய கன்னத்தில் டெலிபோனை வைத்து மறைத்துக்கொண்டார். பல் டாக்டர் வீட்டில் பல்வலியை ஒளிப்பது லேசான வேலையா? லேசாகத்தான் இருந்தது. அவர்தான் புத்தகத்தை விட்டு நிமிரவே இல்லையே.

கடைசியில் ஒருநாள் அந்த அம்மா அடுத்த தெரு டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, பஞ்சைக் கடித்தபடி மேஜையில் உட்கார்ந்தார். பல் சுத்தம் செய்ய நான் ஒருவன்தான் காத்திருந்தேன். டாக்டர் வெளியே வந்தார். பார்த்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே? நான் பண்ணியிருக்க மாட்டேனா?"

"அந்த டாக்டர் பேச மாட்டாருங்க."

டாக்டருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. கதவைக்கூடச் சாத்தாமல் உள்ளே போய், நோயாளியின் நாற்காலியில் தானே உட்கார்ந்து, வழக்கம்போல் புத்தகத்தைத் திறந்தார். படித்துக் காட்ட ஆள் இல்லை. சற்று நேரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. ஒரு பக்கத்தைப் புரட்டியவர், திரும்பவும் அந்தப் பக்கத்துக்கே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுபடி படித்தார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "அப்படி என்னங்க எழுதியிருக்கு?"

"இரு, படிச்சிட்டிருக்கேன்."

அன்று அவர் சொல்லவே இல்லை. என் பல்லையும் பார்க்கவில்லை.

உங்களுக்கு இந்த வியாதி கிடையாது என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இதைப் படிக்கும்போதே அடுத்த அறையைப் பார்த்து, "இதைக் கொஞ்சம் கேளேன்" என்று குரல் கொடுத்தீர்களே, பதில் வந்ததா? எதற்கும் எழுந்துபோய், அந்தக் கன்னத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.