கரடியூரில் நின்ற பந்து

வீசியவரின் கையை விட்டுக் கிளம்பிய பந்து மட்டைக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. அதன்மேல் ஒரு வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"இதைப் பார்க்கவா மலை ஏறி வந்தோம்?" என்றார் மாடி அறையில் தங்க வந்திருந்த சந்திரசேகர்.

சுகுணா டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு டிவி ரிமோட்டை அழுத்திப் பார்த்தாள். அவளும் புருஷன் சக்திவேலும் காபி எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு, கரடியூரில் தங்கள் வீட்டு மாடியில் அறை கட்டி, ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டியிருந்தார்கள். தங்கிப் போகிறவர் நெட்டில் போடும் நட்சத்திரம்தான் அடுத்த ஆளைக் கூட்டி வரும். கூரையில் பெட்டி வைத்து, எதிர்மலை டவரிலிருந்து கம்பியில்லாமல் நெட் இழுத்ததும் அதற்காகத்தான். வைத்ததிலிருந்து டிவியில் படம் ஓடியதைவிட வட்டம் ஓடியதுதான் அதிகம்.

வேறு யாராக இருந்தாலும் நெட் கம்பெனிக்காரனைத்தான் வைதிருப்பார்கள். சந்திரசேகர் அந்தப் பக்கமே போகவில்லை. நெட்டில் குறையே இருக்காது, வைத்திருப்பவர்களுக்குத்தான் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று மனைவியிடம் அடித்துச் சொன்னார். மலைக்காரர்களிடம் எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் என்று அந்த அம்மாளும் தலையாட்டினார். சுகுணா என்னமோ அடுத்த மலையில் நிற்பதுபோல இருவரும் சத்தமாகவே பேசிக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போடச் சொன்னார் சந்திரசேகர். சுகுணா அணைத்துப் போட்டாள். உயிர் வந்த டிவி, கிரிக்கெட்டைக் காட்டாமல், தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளப் போவதாக அறிவித்துவிட்டு மறுபடி இருண்டது. அதே நேரம் பள்ளத்து வீட்டில் காளியாயியின் பழைய டிஷ் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் "அவுட்டு" என்று கத்தினார்கள். யார் அவுட் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை.

வைஃபை பெட்டி தாழ்வாக இருக்கிறது, உயரத்தில் வை என்றார். சக்திவேல் அதை எடுத்து இரும்பு பீரோவின் உச்சியில் வைத்தான். அதுவரை வட்டத்துக்குப் பின்னாலாவது ஒரு பந்து தெரிந்தது. இப்போது அதுவும் போய் வட்டம் மட்டும் மிஞ்சியது.

சந்திரசேகர் வெளியே வந்து, இடுப்பில் கைவைத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார். வீட்டோரமாக நின்ற சில்வர் ஓக் மரம் டவரை மறைக்கிறதாம்.

"அந்தக் கிளையை வெட்டினா எல்லாம் சரியாயிடும். இதுகூடவா ஒருத்தர் வந்து சொல்லணும்?"

சக்திவேல் தயங்கினான். "மொளகுக் கொடி ஏத்தி வுட்டிருக்குதுங்க. இப்பத்தான் காய் புடிச்சிருக்குது."

"மிளகு முக்கியமா, கஸ்டமர் முக்கியமா?"

சக்திவேல் அரிவாளோடு ஏறினான். கிளை வெட்டுப்பட்டது, மிளகுக் கொடியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு நேராகக் கூரைப் பெட்டியின் மேல் விழுந்தது. பெட்டி டவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. கிளை அத்தோடு நிற்காமல் உருண்டு பள்ளத்தில் இறங்கி, காளியாயியின் டிஷ்ஷைச் சாய்த்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

பள்ளத்து வீட்டில் கூச்சல் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் காளியாயி கொண்டையை முடிந்துகொண்டே மேலே ஏறி வந்தாள்.

"ஏனுங்க சுகுணா, உங்க ஊட்டுல டிவி தெரியலீன்னா எங்க ஊட்டுலயும் தெரியக் கூடாதுங்களா?"

சுகுணா கையைப் பிடித்துக் கெஞ்சினாள். மறுநாளே ஆளை விட்டுச் சரிசெய்து தருவதாகச் சொல்லி, தட்டிலிருந்த டீயை அவளுக்கே கொடுத்து அனுப்பினாள். இதையெல்லாம் வேடிக்கை பார்த்து முடித்த சந்திரசேகர், நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டுத் தன் போனை எடுத்தார். குடும்பமே அவர் தோளுக்குப் பின்னால் கூடியது. கடைசி ஓவர் வரைக்கும் ஆட்டம் தண்ணீர்போல ஓடியது. ஒரு பந்துகூட அந்தரத்தில் நிற்கவில்லை.

காலையில் அறையைக் காலி செய்வதற்குள்ளேயே மதிப்புரை வந்துவிட்டது. ஒரே ஒரு நட்சத்திரம். அதன் கீழே, "தரமான நெட். அதைக் கையாளத் தெரியாத வீட்டுக்காரர்கள்" என்று எழுதியிருந்தார்.

சுகுணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிய்ந்த மிளகுக் கொடியும் சாய்ந்த டிஷ்ஷும்கூடப் போகட்டும். இந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு இனி எந்த மனுஷன் படியேறி வருவான்? சந்திரசேகரின் டிரைவர் வெங்கடேஷ் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். விடிந்ததிலிருந்து மனதை அரித்த சந்தேகத்தை அவனிடமே கேட்டாள்.

"ஏனுங்க தம்பி, எங்க ஊட்டு நெட்டுல தப்பில்லீன்னு எழுதிப்போட்டாரு. சரி. அதெப்படி அவரு போன்ல மட்டும் நிக்காம ஓடுச்சுங்க?"

வெங்கடேஷ் டிக்கியைச் சாத்திவிட்டு, சார் வருகிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"உங்க நெட் கம்பெனிக்கே அவருதானுங்க மேனேஜரு, மலைக்கு வர்றப்ப மட்டும் போன்ல வேற கம்பெனி சிம்மு போட்டுக்குவாருங்க."