லென்ஸ்காரரும் இரண்டு சதுரக் கற்களும்

என் முதல் நிச்சயதார்த்தம் முறிந்ததற்கு மாப்பிள்ளை வீட்டார் காரணமல்லர், ஒரு வட்ட வைரமே காரணம் என்று எங்கள் குடும்பம் அப்போது உறுதியாக நம்பியது. ராசி பார்க்காமல் கடையிலிருந்து நேராக என் விரலுக்கு வந்த கல் அது. அவர்கள் வேறிடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள் என்ற உண்மையைவிட, கல் சரியில்லை என்ற விளக்கம் அம்மாவுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. ஆகவே, முப்பத்து நான்காம் வயதில் எனக்கு இரண்டாவது வரன் கூடிவந்தபோது, அண்ணன் காரிமங்கலத்துக்குப் போய் லென்ஸ்காரரை அழைத்து வந்தார்.

தர்மபுரி மாவட்டத்தில் லென்ஸ்காரர் அளவுக்கு வைரத்தை அறிந்தவர் எவருமில்லை. அவர் அளவுக்கு வைரத்துக்குப் பயந்தவரும் எவருமில்லை. வைரம் வாங்கும் குடும்பங்களுக்காகக் கல்லைச் சோதித்து, கடைக்குத் தாமே பிணையாக நின்று, மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொண்டுவந்து கொடுப்பது அவர் தொழில். பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. அண்ணனின் கைபேசியிலும் அவர் 'லென்ஸ்' தான். கண்ணில் லென்ஸை வைத்தால் மூச்சை அடக்கிக்கொள்வார். மூச்சுப் பட்டால் கல்லுக்குக் கோபம் வரும் என்பது அவர் கட்சி. கல் கையிலிருக்கும் நாளில் இருசக்கர வாகனத்தில் ஏறமாட்டார். டிபன் பாக்ஸின் அடித்தட்டில் கல், மேல்தட்டில் தயிர்சாதம், பேருந்தில் ஜன்னலோர இருக்கை. நடத்துநர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுவிட்டால், இறங்கி அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பார். இப்படி அவர் தர்மபுரிக் கடையிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டியில் உள்ள எங்கள் வீடு வந்து சேர அரைநாள் ஆகும்.

மாப்பிள்ளை பென்னாகரத்தில் கால்நடை மருத்துவர். மோதிரத்தைப் பற்றி அவர் வைத்த கோரிக்கை ஒன்றுதான். வட்டம் வேண்டாம், பழையது எதையும் அது நினைவூட்ட வேண்டாம், சதுரமாக இருக்கட்டும் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த வாக்கியத்தில்தான்.

லென்ஸ்காரர் இரண்டு சதுரக் கற்களோடு வந்தார். ஒன்று பிரின்சஸ் கட். நான்கு மூலையும் ஊசி போலக் கூர். அசைத்தால் பொறி பறந்தது. மற்றது ஆஷர் கட். மூலைகள் வெட்டப்பட்டு, உள்ளே படிப்படியாக இறங்கி, படிக்கிணற்றை மேலிருந்து எட்டிப் பார்ப்பது போலிருந்தது. நான் முதல் கல்லில் மனத்தைப் பறிகொடுத்தேன். அவரோ இரண்டுக்கும் ஒரு கை தூரம் தள்ளி நின்று எனக்கு விளக்கினார்.

"கூர் மூலைக் கல்லு நல்லா ஜொலிக்கும்ங்க டீச்சர். உள்ள குத்தம் இருந்தாலும் மினுக்கியே மறைச்சுரும். ஆனா எங்கியாச்சும் மோதுனா மொதல்ல மூலைதான் போவும். வெட்டு மூலைக்கு அந்தப் பயம் இல்லீங்க. ஆனா அதுக்கு எதையும் மறைக்கத் தெரியாது."

எது பயம் குறைந்தது என்று அம்மா கேட்டார். "ரெண்டுமே பயந்தானுங்க" என்றார்.

முறை இதுதான். கல்லைச் சிறு டப்பாவில் இட்டு, சிவப்பு நூல் கட்டி, பூஜை அலமாரியில் மூன்று நாள் வைப்பார். அவரைத் தவிர யாரும் திறக்கக்கூடாது. தினமும் மாலையில் வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, "ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்பார். கல் அலமாரியில் இருக்கும்வரை உள்ளே மட்டும் வரமாட்டார்.

கூர் மூலைக் கல் முதலில் வந்தது. முதல் நாள் பால் பொங்கி வழிந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன் என்ற விளக்கத்தை யாரும் ஏற்கவில்லை. இரண்டாம் நாள் தொப்பூர் கணவாயில் அண்ணனின் கார் டயர் வெடித்தது. அவர் முழுசாகத் திரும்பினார். மூன்றாம் நாள், மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கடும் காய்ச்சல், நிச்சயதார்த்தம் தள்ளிப்போகலாம் என்று தகவல் வந்தது. நான் அறிவியல் ஆசிரியை. கல்லுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பில்லை என்று பாடம் நடத்துகிறவள். ஆனாலும் அன்று பூஜை அலமாரிப் பக்கம் போகாமலே விளக்கேற்றும் நேரத்தைக் கடத்தினேன்.

அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த கல்லும் சரிவரவில்லை என்றால் இந்தச் சம்பந்தமே வேண்டாம். மண்டபம் வரை போய் இன்னொரு முறை திரும்பிவர இந்தக் குடும்பத்துக்குத் தெம்பில்லை.

வெட்டு மூலைக் கல்லுக்குரிய டப்பா அலமாரி ஏறியது. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் நடக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. நாங்கள் மூச்சுவிடத் தொடங்கினோம். லென்ஸ்காரரின் முகம் மட்டும் நாளுக்கு நாள் வெளுத்தது. மூன்றாம் நாள் மாலை கேட்டைப் பிடித்தபடி, "ஒண்ணுமே நடக்கலீங்களா? அதாங்க எனக்குப் பயமா இருக்குது" என்றார்.

அந்த நேரத்தில்தான் அம்மா சமையலறைச் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, மூன்று நாளாகக் கல்லுக்காக விரதம் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"போச்சு. நான் அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்று அண்ணன் கைபேசியை எடுத்தார்.

டப்பா அலமாரி ஏறியதிலிருந்து கேட்டைத் தாண்டாத மனிதர் அண்ணன் குரல் கேட்டு ஓடிவந்தார். அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். "சில்லுனு இருக்குது, சர்க்கரை எறங்கிடுச்சுங்க" என்றவர், நேராகப் பூஜை அலமாரிக்குப் போனார். டப்பாவின் சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். உள்ளே இருந்ததை எடுத்து அம்மாவின் வாயில் போட்டார்.

வைரத்தை விழுங்கினால் உயிர் போகும் என்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். அண்ணனின் கையிலிருந்து கைபேசி விழுந்தது. "யோவ், வைரத்த வாயில போட்டுட்டியேய்யா" என்றபோது அவர் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

அம்மா 'கடக்' என்று கடித்தார். சற்றுப் பொறுத்துக் கண் திறந்தார்.

"இனிக்குதுடா" என்றார்.

கற்கண்டு. மூன்று நாளாக நாங்கள் கும்பிட்டது கற்கண்டை. நான் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்து, அம்மாவுக்கு நிறம் திரும்பிய பிறகு, லென்ஸ்காரர் பனியனுக்குள் இருந்த துணிப்பையை அவிழ்த்து உண்மையான கல்லைத் தரையில் வைத்தார். வழக்கம்போல் ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்தார்.

"மொதக் கல்லு வெச்சு இந்த வூடு பட்ட பாட்டப் பாத்தனுங்க. டீச்சருக்கு ஏற்கெனவே ஒருக்கா முறிஞ்சிருக்குது, இன்னொருக்கா தாங்காது. ஆவறது எனக்கே ஆவட்டும்னு நானே கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். நான் தனி ஆளு."

தொழிலில் இது வெளியே தெரிந்தால் இனி ஒருவரும் அவரை அழைக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். மூன்று நாளில் அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். நேர்மையாக யோசித்தார்.

"தூக்கம் வரலீங்க. வேற ஒண்ணும் ஆகலீங்க."

அண்ணன் தரையில் போட்ட கைபேசியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மூலை வெட்டிய கல்லே போதும் என்றேன். அது நம் வீட்டில் ஒரு நாள்கூட இருக்கவில்லையே என்று அண்ணன் தயங்கினார். இவரிடம் மூன்று நாள் இருந்திருக்கிறது, அதற்கு மேல் பார்க்க ராசி ஒன்றுமில்லை என்று சொன்னேன். நடந்ததை வெளியில் நாங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று லென்ஸ்காரர் மண்டபத்து வாசலிலேயே நின்றார். சாப்பிடக் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைபேசியில் "ஒண்ணும் ஆகலீங்களே?" என்ற அதே கேள்வி வரும். போன பொங்கலுக்கு வரவில்லை. என் கணவரும் அண்ணனும் காரிமங்கலம் போய், அவருக்குச் செய்ய வேண்டிய கடைசிக் காரியங்களைச் செய்துவிட்டு வந்தார்கள். பேரை அப்போதும் யாராலும் சொல்ல முடியவில்லையாம்.

இப்போது இந்த வீட்டில் அம்மாவும் என் கணவரும் நானும் இருக்கிறோம். பால் வழிந்தால் அம்மா அடுப்பைத் துடைத்துவிட்டு, ஒரு முறை கேட்டுப் பக்கம் பார்க்கிறார்.